அகல டயர்: வாங்கும் முன்பும் வெடித்த பின்பும்

புதுக் கார் வந்த கையோடு சக்கரத்தை மாற்றும் ஆசை இப்போது எல்லா ஊர்களிலும் பரவிவிட்டது. கம்பெனி கொடுத்த 15 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் போட்டு, அதில் உயரம் குறைந்த, அகலமான ‘பெர்ஃபார்மன்ஸ்’ டயரை ஏற்றினால் வண்டியின் தோரணையே மாறிவிடுகிறது. எதையும் மாற்றாதவர்களுக்கும் இது புதிதில்லை. நடுத்தர விலை எஸ்.யு.வி.க்களின் உயர்ந்த மாடல்களில் 17, 18 அங்குலச் சக்கரம் ஷோரூமிலிருந்தே வருகிறது. அதன் பலன் என்ன, விலை என்ன என்பதைச் சாவி கொடுக்கும் நாளில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 185/65 ஆர் 15 என்ற டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ., ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே உள்ள உயரம். அதே காருக்குப் பலரும் போடும் 215/45 ஆர் 17 டயரில் அந்த உயரம் 97 மி.மீ.தான். சக்கரத்தின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாது என்பதால் ஸ்பீடோமீட்டரும் ஏறக்குறைய சரியாகவே காட்டும். ஆனால் பள்ளத்தின் அடியைத் தாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் 23 மி.மீ. குறைந்துவிடுகின்றன. மழைக்குப் பிறகு தண்ணீர் மூடிய ஒரு குழியில் 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் இறங்கும்போது, அந்த 23 மி.மீ. இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் ஒரு புது டயரின் விலை.

இந்த டயர்கள் ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. மிருதுவான ரப்பர் கலவை சாலையை இறுகப் பற்றுகிறது. பிரேக் பிடித்தால் வண்டி சீக்கிரம் நிற்கிறது, வளைவில் அலையாமல் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயரில் ஓட்டிப் பழகியவருக்குச் சாதாரண டயர் தளர்வாகத் தெரிவது உண்மைதான். அதே மிருதுத்தன்மையால்தான் டயர் சீக்கிரம் தேய்கிறது. சாதாரண டயர் 40, 50 ஆயிரம் கி.மீ. வரை ஓடும் என்று பழகிப்போனவர், இது அதில் பாதியிலேயே பட்டன் தேய்ந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போகிறார். சில டயர்களின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் சீக்கிரம் தேயும், 400 என்றால் நெடுநாள் வரும். தயாரிப்பாளரே தன் சோதனையை வைத்துப் போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் உதவும்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது, கடையில் குனிந்து பார்க்க வேண்டிய மற்றதையும் சொல்லிவிடலாம். 205/55 ஆர் 16 91 வி என்று எழுதியிருந்தால், 91 என்பது சுமை எண்: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகத்துக்கானது. டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. நம் நாட்டில் 120ஐத் தாண்ட எங்கும் அனுமதி இல்லையே, விலை குறைந்த டி போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து சூடு தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்கிறது. மே மாத நண்பகலில், நான்கு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு திருச்சி நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓடும் டயருக்கு அந்தத் திறன் தேவை. கார் கையேடு சொல்லும் சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே போகவே கூடாது.

அடுத்தது பிறந்த தேதி. டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. இதைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். ரப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகும். பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றும். 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ நடிகர் பால் வாக்கர் பயணித்த போர்ஷே கரேரா ஜிடி கார் மோதி, அவரும் ஓட்டிய நண்பரும் இறந்தார்கள். மணிக்கு 72 கி.மீ. மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் கார் 130 கி.மீ.க்கு மேல் போனதே முதற்காரணம் என்றது விசாரணை. அதோடு, அந்த அதிவேகக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும், அதனால் காரின் பிடிப்பு குறைந்திருந்ததையும் குறிப்பிட்டது.

இங்கே பழைய சரக்கு கைக்கு வர இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. பெரிய ரிம்முக்கான சில அளவுகள் அதற்குப் பிறகு கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ‘ஒரே ஒரு செட் இருக்கு சார், உடனே எடுத்துக்குங்க’ என்று சொல்லப்படும் இடத்தில்தான் நான்கு இலக்கத்தையும் நான்கு டயரிலும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கார் டயருக்கு அது கட்டாயம். ‘செகண்ட்ஸ்’ என்று ரிம்மோடு விற்கப்படும் பழைய டயர் எந்தக் காரில் எத்தனை பள்ளம் பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

டயர் கடையில் அனுபவம் உள்ளவர் முதலில் செய்வது, சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, சைடுவாலை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பது. காருக்கு வெளியே தெரியும் பக்கத்தைவிட உள்பக்கத்தைத்தான் அதிக நேரம் தடவுவார். பள்ளத்தில் இறங்கிய ரிம்மின் விளிம்பு டயரை நசுக்கும்போது, ரப்பருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். மேலே கீறல்கூட இருக்காது. காற்று அந்த இடத்தைத் தள்ளி, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு எழும்பும். ‘பல்ஜ் வந்திருச்சு’ என்பார்கள். அதற்கு ஒட்டும் கிடையாது, தையலும் கிடையாது. அந்த டயரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போவது உயிரோடு விளையாடுவது. பஞ்சருக்கும் எல்லை உண்டு: நடுப்பட்டனில் ஆணி ஏறினால் ஒட்டலாம், தோள்பகுதியிலோ சைடுவாலிலோ ஏறியிருந்தால் ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்கக் கூடாது.

காற்றில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அளவை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வெயிலில் ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு பங்கில் பார்த்தால் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் காற்றுக் குறைந்து நிற்கும். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வெடிப்பில் போய் முடியும் பாதை அது. சக்கர அளவை மாற்றியவர்கள் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள பழைய அளவையே பின்பற்றாமல், புதிய அளவுக்கு எவ்வளவு என்று டயர் கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மழைக்காலம் தனி. பட்டன் தேய்ந்த அகல டயர் தேங்கிய தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங் கையில் இருந்தும் வண்டி கையில் இருக்காது. 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரில் கார் ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆவது விதிக்கு விரோதம். வரிகளுக்கு இடையே இருக்கும் சிறு ரப்பர் மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். ஜனவரியில் அதிகாலை உதகைக்கு ஏறுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சுத்தமான கோடைக்கால பெர்ஃபார்மன்ஸ் டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். உறைபனி படிந்த கொண்டை ஊசி வளைவில் அதன் பெருமை எதுவும் உதவாது.

நள்ளிரவில் டயர் கிழிந்தால் ஸ்டெப்னி இருக்கிறது என்று நம்பவும் முடியாது. காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. அந்தக் கிட் ஆணித் துளையை அடைக்கும். கிழிந்த சைடுவாலை அடைக்காது. ரன்ஃப்ளாட் டயர் என்றால் காற்றில்லாமலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. தூரம் ஓடும். கார் வாங்கும்போதே டிக்கியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி உரிமை. டயர் புடைத்துவிட்டது என்று கடைக்குப் போனால் வரும் பதில் ஒன்றுதான்: ‘பள்ளத்துல விட்டிருக்கீங்க சார், வாரன்ட்டி வராது.’ பல வாரன்ட்டிகளில் சாலை அடி விலக்கப்பட்டிருப்பது உண்மை. உற்பத்திக் குறை என்று ஒப்புக்கொண்டாலும், மீதமிருக்கும் பட்டன் ஆழத்துக்கு ஏற்ற விலையைத்தான் கழித்துத் தருவார்கள். ஆனால் எது சாலை அடி, எது உற்பத்திக் குறை என்பதை விற்றவர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டால் அது முடிவாகிவிடாது. டயரைக் கழற்றிப் பரிசோதித்த அறிக்கையை, காரணத்தோடும் தேதியோடும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்ததைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வரவே வேண்டாம். உங்களிடம் இருக்கும் முதல் சாட்சி அதுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் பலருக்கும் தெரியாத ஓர் இடம் 86ஆவது பிரிவு. ஆபத்தையும் சரியான பயன்பாட்டையும் பற்றித் தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்ட விற்பனையாளரும், அந்தப் பொருளால் ஏற்பட்ட பாதிப்புக்குப் பொறுப்பாக வேண்டியிருக்கும். காருக்குப் பொருந்தாத சுமை எண் உள்ள டயரை மாட்டிவிட்டு, வாய் திறக்காமல் பில் போட்ட கடைக்காரர் இதை மறந்துவிடக் கூடாது. அடுத்த பிரிவான 87 வாங்கியவரை நோக்கித் திரும்புகிறது: பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்பனையாளர்மேல் வழக்கு நிற்காது. பில்லில் டயரின் அளவு, டாட் எண், கார் பதிவெண் மூன்றையும் எழுதி வாங்குவது இதற்காகத்தான். பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை.

காப்பீட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசி பணம் தராது; அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால்தான் தரும், அதுவும் புது டயர் விலையில் பாதிவரை. டயருக்கெனத் தனியாக ஆட்-ஆன் கிடைக்கிறது. ஒரு டயரே பல ஆயிரம் ஆகும் வண்டிக்கு அதைக் கேட்டு வாங்கலாம். சக்கர அளவை மாற்றியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த பதிவு விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். பாடியை விட்டு வெளியே துருத்தும் சக்கரம்தான் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படும். அதே காரின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனி தரும் அளவுக்குள் நின்றுகொள்வது பாதுகாப்பான வழி.

‘டயர் வெடிச்சா யார் என்ன பண்ண முடியும், விதி’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவான பதில் கொடுத்தது. 2010இல் நடந்த விபத்தில் டயர் வெடித்து, காரில் பயணித்தவர் இறந்தார். அவருடைய குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் வழங்கிய சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீட்டை எதிர்த்துத்தான் நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தது. டயர் வெடிப்பு கடவுள் செயல் ஆகாது, மனிதரின் கவனக்குறைவே என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதிவேகம், காற்றுக் குறைவு, காற்று மிகுதி, பழைய டயர், வெப்பம் ஆகியவற்றைக் காரணங்களாக எடுத்துச் சொன்னது. பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை. ஓட்டுபவருக்கும் உரிமையாளருக்கும் இது பொறுப்பை ஏற்றுகிறது.

விற்றவரோடு பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். கம்பெனியின் பதில் அங்கேயே வந்துவிடுவதும் உண்டு. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டயர் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாத குறை என்றால், ஆணையமே டயருக்கு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். சோதனைச் செலவை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டிக் குடும்பம் நடத்துபவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துபவர் வணிகத்துக்காக வாங்கியவராகக் கருதப்படுவார். அவர் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.