உணவங்காடித் தடங்கள் – 6: அடுப்பருகே உண்ண வேண்டிய மீ கோரெங்

சிங்கப்பூரின் தெருவோர உணவுக் கடைகள் 1971 முதல் 1986 வரை படிப்படியாகக் குழாய்நீரும் கழிவுநீர் வடிகாலும் கொண்ட கட்டடங்களுக்குள் குடியேற்றப்பட்ட வரலாறு சென்ற இதழில் கூறப்பட்டது. சிங்கப்பூர்த் தமிழில் உணவங்காடி நிலையம் என வழங்கும் அக்கட்டடங்களில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அருகருகே கடை வைத்திருப்பதால், ஒருவர் சமையல் மற்றவர் சட்டிக்குள் புகுவது இயல்பாக நிகழ்ந்தது. அதற்குத் தெளிவான சான்று, தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களின் கைவண்ணத்தில் உருவான மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ்.

இதன் அடிப்படையான மஞ்சள் மீ, கோதுமை மாவுடன் காரத்தன்மையுள்ள உப்புநீர் சேர்த்துப் பிசைந்து இழைக்கப்படுவது. அந்தக் காரமே மாவிலுள்ள நிறப்பொருளை மஞ்சளாக்கி, வெந்த பிறகும் குழையாத இழுவையையும் தருகிறது. குவே தியாவ் எனப்படும் பட்டையான அரிசி நூடுல்ஸில் இந்த இழுவை கிடையாது என்பதால், அதைக் கிளறும் கை சற்றே முரடானாலும் துண்டு துண்டாகிவிடும். மஞ்சள் மீ அடி தாங்கும். கரண்டியால் அழுத்தி, புரட்டி, அரைத்த மிளகாய் விழுது ஒவ்வோர் இழையிலும் ஏறும்வரை வறுக்க இடங்கொடுக்கும்.

சீனர் கொண்டுவந்த இந்த மீயுடன் கடைக்காரர் சேர்த்தவற்றைப் பார்த்தால் அவருடைய அடுக்களை தெரிகிறது: அவித்த உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், முட்டை, சில கடைகளில் கொத்திய ஆட்டிறைச்சி. சோயாக்கட்டியும் முளைப்பயறும் சீனர் பக்கத்தவை. தக்காளிச் சாறும் மிளகாயும் சேர்ந்து சிங்கப்பூர் மீ கோரெங்கைப் பளிச்சென்ற சிவப்பாக்குகின்றன. ஓரத்தில் வெள்ளரித் துண்டுகள் இருக்கும். பினாங்கில் மாமாக் கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைகளில் கிடைப்பது இதனினும் கருத்தது. கணவாய்ச் சம்பலும் லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையும் உடன்வரும். சிவப்பு நிறத்தைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. ஆனால் உருளைக்கிழங்கின் மாவுத்தன்மையும் மிளகாயின் உறைப்பும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும் பக்குவத்தில் சிங்கப்பூர்த் தட்டு சிறிதும் குறைந்ததன்று.

இவற்றையெல்லாம் வீட்டிலும் வாங்கிச் சேர்க்கலாம், ஆயினும் கடைச்சுவை வருவதில்லை. காரணம் நெருப்பு. கன்டோனியச் சீனர் வோக் ஹெய் என்று குறிப்பிடும் புகைமணம், குழிந்த இரும்புச் சட்டி மிகுந்த சூட்டில் இருக்கும்போது ஈரம் நொடியில் ஆவியாகி, தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் சுடரில் பற்றி அணைவதால் பிறப்பது. ஒரே நேரத்தில் அதிகமாகக் கொட்டினால் சட்டியின் சூடு தணிந்து, வறுபட வேண்டிய மீ வெந்து சொதசொதவென்றாகும். எனவே நல்ல கடைக்காரர் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் ஓரிரு தட்டுகளுக்கு மேல் ஒரு முறையில் போடுவதில்லை. வரிசை மெதுவாக நகர்வதைக் குறையாகக் கருதத் தேவையில்லை.

பன்றிக்கொழுப்பும் சிப்பியும் சேரும் சார் குவே தியாவுக்கும் இதே விதி பொருந்தும். தேங்காய்ப்பால் மணக்கும் காத்தோங் லக்சாவோ வறுபடுவதன்று. நூடுல்ஸைக் குட்டையாக நறுக்கிக் கரண்டியால் மட்டுமே உண்ணும் அந்தக் குழம்பு வகைக்குத் தனி இதழே வேண்டும்.

2016இல் மிஷலின் வழிகாட்டி முதன்முதலாகச் சிங்கப்பூர் உணவங்காடிக் கடைகள் இரண்டுக்கு நட்சத்திரம் அளித்தபோது, இரண்டுமே நூடுல்ஸ் விற்றவை. 2020 டிசம்பரில் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் கடைக்காரர்களில் பெரும்பகுதியினர் முதுமையை எட்டிவிட்டனர். அனலடிக்கும் அடுப்பின்முன் நாள் முழுதும் நிற்கும் தொழிலுக்கு அவர்களுடைய பிள்ளைகள் வரத் தயங்குவதில் வியப்பில்லை. பல ஆண்டுகள் ஒரே உணவைச் செய்து பழகிய கை சூட்டை அளக்கும் விதத்தை எந்தச் செய்முறைக் குறிப்பும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது என்பதால், பட்டியலில் சேர்ப்பது மட்டும் அதைக் காத்துவிடாது.

லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்துக்குச் செல்லும் வாசகர் மீ கோரெங்கைப் பொட்டலமாக வாங்கிச் செல்ல வேண்டாம். மூடிய பொட்டலத்துக்குள் ஆவி மீண்டும் ஈரமாகி முதலில் கெடுப்பது அந்தப் புகைமணத்தைத்தான். கடைக்கு அருகிலேயே மேசை பிடித்து, தட்டு வந்தவுடன் உண்பதே முறை.