இறந்து 3 ஆண்டு கழித்து 12 புதுப் பாடல்கள்... ஏசி/டிசி-யின் 'பவர் அப்' ஆல்பத்தில் மால்கம் யங் பெயர் வந்தது எப்படி?

2020 நவம்பர் 13-ம் தேதி, ஆஸ்திரேலியாவின் மூத்த ராக் இசைக்குழுவான ஏசி/டிசி 'பவர் அப்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் 12 பாடல்கள். எல்லாப் பாடல்களையும் எழுதியவர்கள் என்று இரண்டே பெயர்கள்தான் இருந்தன: ஆங்கஸ் யங், மால்கம் யங். அண்ணன் தம்பி.

இதில் அண்ணன் மால்கம், 2017 நவம்பர் 18-ல், 64 வயதில் காலமாகிவிட்டார்.

அப்போ இந்தப் பாடல்களை அவர் எப்போது எழுதினார்? ஆல்பத்தில் கேட்கும் கிட்டார் அவருடையதா? பழைய டேப்பை எடுத்து ஒட்டினார்களா?

யார் இந்த மால்கம்?

ஏசி/டிசி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்கூல் யூனிஃபார்மில், அரை டிரவுசரோடு மேடையில் துள்ளும் ஆங்கஸ்தான். ஆனால் 1973-ல் சிட்னியில் குழுவைத் தொடங்கியவர் மால்கம். மேடையில் பின்னால், டிரம்ஸ் பக்கத்தில் நின்று ரிதம் கிட்டார் வாசிப்பார். கேமரா பெரும்பாலும் அவர் பக்கம் திரும்பாது.

ராக் இசையில் 'ரிஃப்' என்று ஒன்று உண்டு. பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு குட்டி கிட்டார் துணுக்கு. சில நொடிதான் இருக்கும், ஆனா அதைக் கேட்டவுடனே என்ன பாட்டு என்று சொல்லிவிடலாம். ஏசி/டிசி-யில் பாட்டு என்பதே ரிஃப்தான். மற்றதெல்லாம் அதன் மேல் கட்டுவது. அந்த அஸ்திவாரம் போடுவதுதான் மால்கமின் வேலை.

அந்த மனிதருக்குத்தான் டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்தது. 2008-ல் வெளியான 'பிளாக் ஐஸ்' ஆல்பத்துக்கான உலகச் சுற்றுப்பயணத்திலேயே அறிகுறிகள் தெரிந்தன. பல்லாண்டுகளாக வாசித்த, தானே உருவாக்கிய ரிஃப்களை கச்சேரிக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடியும் கற்றுக்கொண்டு மேடை ஏறினார் என்று ஆங்கஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் மால்கம் குழுவிலிருந்து விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் ஸ்டீவி யங். வெளியாள் இல்லை, அண்ணன் மகன்தான்.

பாடல்கள் எங்கிருந்து வந்தன?

2000-ல் வந்த 'ஸ்டிஃப் அப்பர் லிப்' ஆல்பத்துக்கும் 'பிளாக் ஐஸ்' ஆல்பத்துக்கும் நடுவே 8 ஆண்டு இடைவெளி. அந்தக் காலத்தில் சகோதரர்கள் சும்மா இருக்கவில்லை. கிட்டாரோடு உட்கார்ந்து ரிஃப், பல்லவி, பாதி முடிந்த பாட்டு என்று குவித்து வைத்தார்கள். அதில் ஒரு பகுதிதான் 'பிளாக் ஐஸ்' ஆனது. மிச்சம் அப்படியே கிடந்தது. மால்கம் இறந்த பிறகு ஆங்கஸ் அந்தக் குவியலைத் தோண்டி எடுத்து முழுப் பாடல்களாக்கினார்.

சரி, அப்படியானால் ஆல்பத்தில் ஒலிப்பது மால்கமின் கிட்டாரா? இல்லை. வாசித்திருப்பது ஸ்டீவி. மால்கமின் பழைய ஒலிப்பதிவைச் சேர்க்கவில்லை. ஏஐ-க்கும் இதில் வேலை இல்லை.

2023-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' பாடலில் நடந்தது வேறு. ஜான் லெனானின் பழைய கேசட்டிலிருந்து அவர் குரலை கம்ப்யூட்டர் உதவியோடு பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தில், 2021-ல் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் உயிரோடு இருந்தபோது வாசித்த இரண்டு பாடல்கள் உள்ளன. அங்கெல்லாம் மறைந்தவரை நம் காதால் கேட்க முடியும். 'பவர் அப்'பில் மால்கமின் விரல் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை. யோசனை மட்டும்தான் அவருடையது. பாட்டு எழுதியவர் என்று அவர் பெயரைப் போட அது போதும். ராயல்டி சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

கலைந்த குழு கூடியது எப்படி?

உண்மையில், ரிஃப் கிடைப்பதைவிட ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. 2016 மார்ச்சில், உடனே டூரை நிறுத்தாவிட்டால் காது முழுசா போய்விடும் என்று பாடகர் பிரையன் ஜான்சனை டாக்டர்கள் எச்சரித்தார்கள். அவர் வெளியேற, மீதிக் கச்சேரிகளை 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' ஆக்ஸல் ரோஸ் பாடி முடித்தார். அந்த டூர் முடிந்ததும் பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். டிரம்மர் ஃபில் ரட் அதற்கு முன்பே நியூசிலாந்தில் வழக்கில் சிக்கி, தண்டனையும் பெற்றிருந்தார். ஏசி/டிசி கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஜான்சனின் காதுக்கு வழி காட்டியவர், மேடைப் பாடகர்கள் காதில் மாட்டும் கருவிகளின் முன்னோடியான ஸ்டீபன் ஆம்ப்ரோஸ். ஜான்சன் சொன்னபடி, முதலில் கொண்டுவந்த கருவி கார் பேட்டரி சைஸுக்கு இருந்ததாம். மாதம் ஒருமுறை வந்து, சோதித்து, இரண்டரை ஆண்டு சுருக்கிச் சுருக்கி காதுக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். மண்டை ஓட்டு எலும்பு வழியாக ஒலியை உணர வைக்கும் தொழில்நுட்பம் இது.

2018 ஆகஸ்ட்டில் கனடாவின் வான்கூவரில், பிரெண்டன் ஓ'பிரையன் தயாரிப்பில் ரெக்கார்டிங் தொடங்கியது. ஸ்டுடியோ வெளியே யாரோ எடுத்த போட்டோக்கள் கசிந்ததால்தான் ரசிகர்களுக்கு விஷயமே தெரிந்தது. பிறகு கொரோனா வந்து ரிலீஸ் தள்ளிப்போனது.

ஆல்பம் நல்லா இருக்கா?

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி என்பது ஏசி/டிசி மேல் எப்போதும் உள்ள புகார். இதிலும் அது பொருந்தும். பின்பாதியில் சில பாடல்கள் மனதில் நிற்பதில்லை. ஆனால் 'ஷாட் இன் தி டார்க்' பழைய மிடுக்கோடு இருக்கிறது. 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' தனி ரகம். இந்தக் குழு வழக்கமாகத் தொடாத ஏக்கம் அதில் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் ஆல்பம் நம்பர் 1.

இழப்பிலிருந்து ஆல்பம் போடுவது இவர்களுக்குப் புதிதும் இல்லை. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஐந்தே மாதத்தில் வந்த 'பேக் இன் பிளாக்', உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றானது. அது பானுக்கு என்றால், இது மால்கமுக்கு என்றார் ஆங்கஸ்.

குழு மறுபடி மேடை ஏற 2023 அக்டோபர் ஆகிவிட்டது. கலிஃபோர்னியாவின் 'பவர் ட்ரிப்' விழாவில் ஜான்சன் பாடினார். டிரம்ஸில் ரட் இல்லை, மாட் லாக் இருந்தார். அடுத்த ஆண்டு டூரில் கிளிஃப் வில்லியம்ஸும் இல்லை. 'பவர் அப்' பதிவு செய்த அந்த ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கச்சேரிகூட நடத்தியதில்லை.