எந்தச் சாயம், எந்த எண்?

1885இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகளிலெல்லாம் நிறம் ஏறியது. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை குறைவு என்று அவர் கருதினார். 1913இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் டிரைபன் நீலத்தை மூளையைச் சூழ்ந்திருக்கும் நீரிலேயே செலுத்தினார். இம்முறை மூளை நீலமானது. உடலின் மற்றப் பகுதிகளில் நிறம் ஏறவில்லை. சாயத்தை ஏற்க மூளை மறுக்கவில்லை, ரத்தத்துக்கும் அதற்கும் நடுவே ஏதோ வழிமறிக்கிறது என்பது புலப்பட்டது.

எந்தச் சாயம், எங்கே செலுத்தப்பட்டது என்ற விவரம் சரியாக எழுதிவைக்கப்பட்டதால்தான் இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

வழிமறிப்பது ரத்த-மூளைத் தடுப்பு. மூளையின் நுண்குழாய்களில் உள்சுவர்ச் செல்கள் இடைவெளியே தெரியாதபடி ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன. அல்சைமர், பார்கின்சன், மூளைப் புற்றுநோய் என எந்த நோய்க்கு மருந்து தேடினாலும், அது இந்தச் சுவரைக் கடக்குமா என்பது முதல் கேள்விகளில் ஒன்று.

சுவர் ஓட்டையாகிவிட்டதா என்று பார்க்க இன்றும் சாயங்களே கைகொடுக்கின்றன. சோடியம் ஃபுளோரசீன் மிகச் சிறியது, மூலக்கூறு எடை 376 டால்டன். இவான்ஸ் நீலம் தனியே இருந்தால் சுமார் 961 டால்டன். ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் ஏறத்தாழ 69,000. ஒளிரும் டெக்ஸ்ட்ரானோ 4,000, 70,000 டால்டன் எனப் பல அளவுகளில் விற்பனைக்கு வருகிறது. சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்று சொல்ல, அதில் போட்டது ரவையா அரிசியா என்று தெரிந்திருக்க வேண்டும். சோதனையில் 4,000 டால்டன் டெக்ஸ்ட்ரானைப் பயன்படுத்திவிட்டுக் கட்டுரையில் 70,000 என்று அச்சிட்டால், சிறு கசிவு பெரும் உடைப்பாகத் தோன்றும். அதை நம்பி 70,000 வாங்கும் அடுத்த ஆய்வகத்துக்குக் கசிவே தெரியாது. தன் கைப்பிழை என்று எண்ணி மாதக்கணக்கில் அல்லாடும்.

குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடிகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. சுவரை இறுக்கும் கிளாடின்-5 புரதத்தைக் காட்ட ஒரே நிறுவனம் சுண்டெலியிலிருந்து ஒன்று, முயலிலிருந்து ஒன்று என விற்பதுண்டு. பட்டியல் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் வேறு பொருள் கைக்கு வரலாம். எண்ணே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு 238 கட்டுரைகளை அலசியது. அவற்றில் குறிப்பிடப்பட்ட ஆய்வுப் பொருட்களில் 54 சதவீதத்தை இன்னதுதான் என்று உறுதியாக இனங்காண முடியவில்லை. புகழ்பெற்ற இதழ்களும் இதற்கு விலக்கில்லை. அதற்கு மறு ஆண்டே ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனி அடையாள எண் தரும் ஆர்.ஆர்.ஐ.டி. முறை நடைமுறைக்கு வந்தது.

பிழை தெரிந்ததும் செய்யவேண்டியது எளிது: ஆசிரியர்கள் ஆய்விதழுக்கு எழுத வேண்டும், இதழ் திருத்தக் குறிப்பை வெளியிட்டு மூலக் கட்டுரையோடு இணைக்க வேண்டும். சத்தமில்லாமல் இணையப் பிரதியில் எண்ணை மாற்றிவைப்பது போதாது. பழைய பிரதியை இறக்கி வைத்திருப்பவருக்கு மாற்றம் நடந்ததே தெரியாமல் போகும். இப்படித் திருத்தம் வெளியிடுவதை அவமானமாகக் கருதும் மனப்போக்கு ஆய்வுலகில் இன்னும் இருக்கிறது. உண்மையில் பிந்தி வருபவரின் உழைப்பைக் காப்பாற்றுபவர் திருத்தம் தரும் ஆசிரியரே.

எல்லாப் பிழைகளும் ஒரு வரித் திருத்தத்தில் அடங்குவதில்லை. ஈ.சி.வி.304 என்ற செல் வரிசை தொப்புள்கொடிச் சிரையின் உள்சுவரிலிருந்து வந்ததாக 1990இல் அறிவிக்கப்பட்டது. ரத்த-மூளைத் தடுப்பின் மாதிரியாகவும் அதைப் பல ஆய்வகங்கள் வளர்த்தன. 1999இல் மரபணு அடையாளத்தைச் சோதித்தபோது, அது டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல் என்று தெரிந்தது. 2021இல் இன்னொரு அதிர்ச்சி. தண்டுசெல்களிலிருந்து உருவாக்கி, மூளை நுண்குழாய்ச் செல் என்று பல ஆண்டுகள் அழைக்கப்பட்ட ஒரு வகை, மரபணு வெளிப்பாட்டில் ரத்தக்குழாய்ச் செல்லைவிட, உறுப்புகளின் மேற்பரப்பை மூடும் எபிதீலியச் செல்லையே ஒத்திருப்பதாக அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. பெயரை மாற்றினால் மட்டும் இங்கே தீராது. அந்தச் செல் அடுக்கைக் கடந்தன, கடக்கவில்லை என்று மருந்துகளைப் பற்றி எழுதப்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கும் எது நிற்காது என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.