"செத்துப் போன" ஏ.சி. எந்திரம் பிழைத்தது எப்படி? டிரெய்லர் வீட்டுக் கூரை மேல் ஒரு துப்பறியும் வேலை!

காருக்குப் பின்னால் ஒரு வீடு ஓடுகிறது. உள்ளே கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. குளியல் அறையும் உண்டு. கூரை மேல் ஒரு ஏ.சி. எந்திரம். அதற்கு வயது ஏறக்குறைய 50.

சுவிட்சைப் போட்டால் எந்திரம் "ம்ம்ம்..." என்று முனகுகிறது. அவ்வளவுதான். குளிர்காற்று வரவில்லை.

"அது செத்துப் போச்சுப்பா. கழற்றித் தூக்கிப் போடு" என்கிறார்கள், பார்த்தவர்கள் எல்லாம்.

உண்மையிலேயே செத்துவிட்டதா? இல்லை, வெறும் மயக்கம்தானா? அமெரிக்காவில் பழைய டிரெய்லர் வீடுகளை வாங்கிப் பழுது பார்க்கிறவர்கள் கோடை வந்தால் நடத்தும் விசாரணை இதுதான். இதில் தப்பு செய்தால் பணம் மட்டும் போகாது. உயிரும் போய்விடும்.

645 பேர் பலி

அரிசோனா மாநிலத்தின் தலைநகர் பீனிக்ஸ். பாலைவனத்து ஊர். 2023-ம் ஆண்டு கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. செல்சியஸ் கணக்கில் 43 டிகிரி.

அந்த நகரம் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தில், அந்த ஒரே ஆண்டில், வெயில் கொடுமையால் 645 பேர் இறந்தார்கள். வெளியே சுருண்டு விழுந்தவர்கள் மட்டும் அல்ல. வீட்டுக்குள் இறந்து கிடந்தவர்களும் உண்டு. அப்படி வீட்டுக்குள் இறந்தவர்களில் பலருடைய வீட்டில் ஏ.சி. எந்திரம் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை என்று விசாரணையில் தெரிய வந்தது.

டிரெய்லர் வீட்டிலேயே ஆண்டு முழுவதும் குடி இருப்பவர்களும் அந்த நாட்டில் உண்டு. மெல்லிய சுவர், சின்ன அறை. வெயிலில் நின்றால் உள்ளே அடுப்புதான். ஆகவே அங்கே ஏ.சி. என்பது ஆடம்பரம் அல்ல.

சந்திரனில் இருந்து வந்தவர்கள்

இந்த வண்டிகளில் பேர் பெற்றது "ஏர்ஸ்ட்ரீம்". அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. பளபளவென்று ஆகாய விமானத்தின் உடம்பு மாதிரி இருக்கும். 1931-ல் வாலி பையாம் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய தொழில் இது.

1936-ல் அவர் "கிளிப்பர்" என்ற வண்டியை வெளியிட்டார். விலை 1,200 டாலர். நான்கு பேர் படுக்கலாம். அந்தக் காலத்திலேயே அதில் குளிர் வசதியும் உண்டு என்றார்கள். எந்திரம் எதுவும் இல்லை. "டிரை ஐஸ்" என்னும் உலர்ந்த பனிக்கட்டியை வைத்துக் காற்றைக் குளிர வைத்தார்கள்.

1969 ஜூலையில் சந்திரனுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூன்று பேரையும், நோய்க் கிருமி ஏதும் ஒட்டி இருக்குமோ என்ற பயத்தில் தனியே பூட்டி வைத்தார்களே, அதுவும் ஏர்ஸ்ட்ரீம் வண்டியை மாற்றிச் செய்த அறைதான். ஜனாதிபதி நிக்சன் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் அவர்களைப் பார்த்துப் பேசினார்.

கூரை மேல் வைக்கும் மின்சார ஏ.சி. இந்த மாதிரி வண்டிகளில் பரவியது அந்தக் காலத்தில்தான். கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் ஒரு துளை. அதன் மேல் எந்திரத்தை உட்கார வைத்து, கீழே இருந்து போல்ட்டு போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

முதல் சந்தேகம்: கரண்ட்

ரிட்டயர்டு லாரி டிரைவர் ஒருவர் இப்படி ஒரு வண்டியை வாங்கி விட்டார் என்று வைத்துக் கொள்வோம். எந்திரம் முனகுகிறது. சில வினாடிகளில் "டக்" என்று அடங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முனகல். மறுபடியும் "டக்".

எல்லோரும் முதலில் சொல்வது, "கியாஸ் போயிருக்கும்" என்பதுதான். அனுபவசாலிகள் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவார்கள். அவர்கள் முதலில் பிடித்து விசாரிப்பது மின்சாரத்தை.

அமெரிக்காவில் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். நம்ம ஊரில் 230. கூரை ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 12 முதல் 16 ஆம்பியர் வரை இழுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும்.

வீட்டில் கிடந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டி இதை ஓட்டப் பார்த்தால் என்ன ஆகும்? ஒயரிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 105-க்குக் கீழே போனால் கம்ப்ரசர் திணறும். ஒயரும் சுடும். எந்திரத்தில் ஒரு பழுதும் இருக்காது. பழி மட்டும் அதன் மேல் விழும்.

ஆகவே எந்திரம் கிளம்பும்போதே மீட்டர் வைத்து அளக்கிறார்கள். தடித்த ஒயருக்கு மாற்றியதும் "செத்துப் போன" எந்திரம் தானாக எழுந்து உட்காருவது உண்டு!

எலெக்ட்ரீஷியன் செய்யும் தப்பு

இன்னொரு கூத்தும் நடக்கிறது. டிரெய்லருக்கு என்றே 30 ஆம்பியர் பிளக் ஒன்று இருக்கிறது. அதில் வர வேண்டியது 120 வோல்ட். துணி உலர்த்தும் எந்திரத்துக்கும் 30 ஆம்பியர் பிளக் உண்டு. ஆனால் அதில் வருவது 240 வோல்ட்.

அனுபவம் இல்லாத எலெக்ட்ரீஷியன், "30 ஆம்பியர்தானே" என்று டிரெய்லருக்கும் 240-ஐக் கொடுத்துவிட்டுப் போய் விடுகிறார். பிளக்கைச் செருகியதும் ஏ.சி., சார்ஜர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே நொடியில் புகை! புதிதாகப் போட்ட பிளக் என்றால், மீட்டர் வைத்துப் பார்க்காமல் வண்டியை மாட்டவே கூடாது.

தொட்டால் மரணம்

இதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது. வண்டியின் உடம்பு முழுவதும் அலுமினியம். டயர்கள் ரப்பர். எர்த் ஒயர் அறுந்து இருந்து, எந்திரத்துக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால், வண்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும்.

உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடுகிறவர்தான் மாட்டிக் கொள்வார். சிறு குழந்தையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கதவைத் தொடும்போது லேசாக "சுர்" என்றாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது. உடனே கரண்டை நிறுத்திவிட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ஏ.சி. வேலை எல்லாம்.

ஜெனரேட்டர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. ஜன்னல் அருகே ஜெனரேட்டரை வைத்துவிட்டு உள்ளே ஏ.சி.யில் தூங்குகிறவர் மறுநாள் எழுந்திருக்காமலே போகலாம்.

உண்மைக் குற்றவாளி

கரண்ட் சரி. எர்த் சரி. அப்படியும் எந்திரம் முனகுகிறது. அடுத்து மாட்டுவது கெப்பாசிட்டர். நம்ம ஊரில் சீலிங் பேன் சுற்றவில்லை என்றால், கடையில் "கண்டன்சர்" என்று கேட்டு வாங்கி வருகிறோமே, அதன் அண்ணன்தான் இது. மோட்டாரை முதலில் ஒரு உந்து உந்திக் கிளப்புவது இதன் வேலை. வெயிலில் கூரை மேல் பல வருடம் காய்ந்தால் இது சக்தி இழந்துவிடும். சில நேரம் வயிறு ஊதி எண்ணெய் கசியும்.

மாற்றுவதற்குச் சில பத்து டாலர்தான் செலவு. இந்தச் சின்னச் சாமானுக்காகத்தான் பல எந்திரங்கள் குப்பைக்குப் போகின்றன!

ஆனால் கை வைக்கும் முன்பு கவனம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாமல் தொட்டவரைத் தூக்கி எறிந்துவிடும். கூரை மேல் இருந்து விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு முனைகளிலும் வைத்து மின்சாரத்தை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும். இந்த வேலை தெரியாதவர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுவதே மேல்.

பழைய எந்திரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1979-ல் அமெரிக்க அரசு "பி.சி.பி." என்னும் நச்சு எண்ணெய் தயாரிப்புக்குத் தடை விதித்தது. அதற்கு முன்பு செய்த கெப்பாசிட்டர்களில் அந்த எண்ணெய் இருக்கலாம். கசிந்து இருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது.

குளவிக் கூடு

டிரைவர் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டார். கம்ப்ரசர் கிளம்பிவிட்டது. ஆனால் காற்று பலமாக வரவில்லை.

இந்த எந்திரங்களில் பெரும்பாலும் ஒரே மோட்டார்தான். அதன் ஒரு முனையில் வெளிக்காற்றுக்கான பேன். மறு முனையில் உள்ளே குளிர்காற்றைத் தள்ளும் உருளை. பல வருடம் ஓடாமல் கிடந்தால் பேரிங் காய்ந்து இறுகிவிடும். கையால் சுற்றிப் பார்த்து, எண்ணெய் விடும் துளை இருந்தால் மோட்டார் எண்ணெய் சில சொட்டு விட்டால் பல மோட்டார்கள் இளகிவிடும்.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குடும்பமே இருக்கும். மண் குளவிக் கூடு, சருகு, எலி கடித்த பஞ்சு. குளிர்ச் சுருளிலும் வெப்பச் சுருளிலும் தூசி அப்பி இருக்கும். காற்று புகவே வழி இருக்காது. உள்ளே காற்று குறைந்தால் குளிர்ச் சுருளில் ஐஸ் கட்டிக் கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "கியாஸ் இல்லை" என்று ஏமாந்து போகிறவர்கள் உண்டு. மெல்லிய பிரஷ், தண்ணீர், பொறுமை. இதற்கு மருந்து இவ்வளவுதான்.

கடைசியாகக் கியாஸ்

எல்லாம் செய்தும் குளிர் வரவில்லை என்றால்தான் கியாஸ் மேல் சந்தேகம். இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது.

இந்தப் பழைய எந்திரங்களில் சாதாரணமாக இருப்பது ஆர்-22 என்னும் கியாஸ். இது ஆகாயத்தில் உள்ள ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது. 1987-ல் உலக நாடுகள் மாண்ட்ரியல் நகரில் கூடிச் செய்து கொண்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் ஆர்-22 தயாரிப்பும் இறக்குமதியும் நின்றுவிட்டன. முன்பே தயாரித்து இருப்பில் உள்ள கியாஸும், பழைய எந்திரங்களில் இருந்து எடுத்துச் சுத்தம் செய்த கியாஸும்தான் இப்போது கிடைக்கும். விலையும் அதிகம். அந்தக் குழாயைத் திறக்க அரசாங்கச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக் வேண்டும். கியாஸை வேண்டும் என்றே காற்றில் விட்டால் குற்றம்.

அதுவும் தவிர, இந்தக் கூரை எந்திரங்களில் பெரும்பாலும் கியாஸ் ஏற்ற வாய் கிடையாது. கம்பெனியிலேயே பற்ற வைத்து மூடி அனுப்பியவை. ஆத்திரப்பட்டுக் குழாயைக் குத்தித் திறந்தால் அன்றோடு கதை முடியலாம். குழாய் ஓட்டையா? கம்ப்ரசர் கருகிவிட்டதா? அப்போது புது எந்திரம் வாங்குவதே புத்திசாலித்தனம். 14 அங்குலத் துளை அப்படியே இருப்பதால் புதியதும் அதே இடத்தில் உட்காரும்.

குளிர் வந்தது!

கடைசியில் கூரைத் துளையைச் சுற்றி உள்ள பழைய கேஸ்கட்டை எடுத்துவிட்டுப் புதிது போடுகிறார்கள். நான்கு போல்ட்டையும் ஒரே சீராக இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் கேஸ்கட் நசுங்கி, மழை நீர் படுக்கை மேல் கொட்டும்.

பிறகு சோதனை. உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே தள்ளும் காற்றையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பாரன்ஹீட்டில் 20 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் எந்திரம் பாஸ்! நிறுத்தினால் ஐந்து நிமிஷமாவது விட்டுத்தான் மறுபடி போட வேண்டும். உடனே போட்டால் கம்ப்ரசர் திணறும்.

முனகிக் கொண்டு இருந்த எந்திரம் இப்போது "தடதட"வென்று ஓடுகிறது. சத்தம் கொஞ்சம் அதிகம்தான். 50 வயது ஆகிறதே! ஆனால் கீழே படுத்து இருப்பவருக்குக் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறது.

நம்ம வீட்டு ஏ.சி.க்கும், கடை ஏ.சி.க்கும் இதே நோய்கள் உண்டு. "கியாஸ் இல்லை சார், ஏற்றணும்" என்று யாராவது சொன்னதும் பர்சை எடுத்துவிடாதீர்கள். "வோல்ட்டேஜ் பார்த்தாச்சா? கண்டன்சர் பார்த்தாச்சா? தூசி தட்டியாச்சா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு கியாஸைப் பற்றிப் பேசலாம்.