ஈவும் மீதியும்

எத்தனை பானைகள் இருந்தாலும் அவற்றை நான்கு சதுரங்களுக்குள் பரப்பிவிடலாம். யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டே, மண்பாண்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே சூளையிலிருந்து இறக்கிய பானைகளைத் தரையில் சதுரம் சதுரமாக வைப்பதாகக் கொள்வோம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்றால் 9 பானைகள். இரண்டுக்கு இரண்டு என்றால் 4. ஒற்றைப் பானையும் ஒரு சதுரம்தான். 23 பானைகளை 9 + 9 + 4 + 1 என்று பரப்பலாம். 7 பானைகளை 4 + 1 + 1 + 1 என்று பரப்பலாம். ஆயிரமானாலும் கோடியானாலும் ஐந்தாவது சதுரத்துக்கு வேலை வராது.

இது உண்மை என்று எப்படிச் சொல்கிறோம்? 3 + 4 = 7 என்பதைக் கூட்டிப் பார்த்து உண்மை என்கிறோம். 3 + 4 > 8 என்பதைக் கூட்டிப் பார்த்துப் பொய் என்கிறோம். ஓர் எண்ணின் இடத்தில் வெற்றுக் கட்டம் போட்டு ‘கட்டம் + 4 = 7’ என்று எழுதினால், அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. கட்டத்துக்குள் 3 வந்தால் உண்மை, வேறு எது வந்தாலும் பொய். ஆனால் ‘எந்த எண்ணைப் போட்டாலும்’ என்று முன்னால் சேர்த்துவிட்டால் அந்த வரிக்கு மறுபடியும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். சிரமம் அங்கேதான் தொடங்குகிறது. எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க எந்த ஆயுளும் போதாது.

பொய் என்று காட்டுவது ஒப்பீட்டளவில் எளிது. ‘மூன்று சதுரங்களே போதும்’ என்று ஒருவர் சொன்னால் 7 என்ற ஓர் எண்ணை எடுத்து நீட்டினால் போதும், பேச்சு முடிந்தது. ‘நான்கு போதும்’ என்பதை உண்மை என்று நிறுவவோ 1770-இல் லக்ராஞ்ச் வர வேண்டியிருந்தது. அவர் எண்களைச் சோதித்துக்கொண்டு போகவில்லை. இரண்டு எண்கள் தனித்தனியே நான்கு வர்க்கங்களின் கூட்டலாக அமைந்தால், அவற்றின் பெருக்கலும் அப்படியே அமையும் என்று ஆய்லர் ஏற்கெனவே ஒரு சமன்பாட்டால் காட்டியிருந்தார். எல்லா எண்களும் பகா எண்களின் பெருக்கல்தானே! ஆகவே பகா எண்களுக்கு மட்டும் நிறுவினால் போதும் என்று வேலை சுருங்கியது. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் பொருந்தும் ஒரே வாதத்தால் லக்ராஞ்ச் அதை முடித்தார்.

ஆய்லர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. ஓர் எண்ணின் ஐந்தாம் அடுக்கை மற்ற எண்களின் ஐந்தாம் அடுக்குகளாகப் பிரிக்க வேண்டுமானால் குறைந்தது ஐந்து தேவை என்று 1769-இல் அவர் கருதினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது அசையவில்லை. 1966-இல் லாண்டர், பார்கின் என்ற இருவர் கணிப்பொறியில் தேடி இதைக் கண்டெடுத்தார்கள்:

27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵

இரண்டு பக்கமும் 61,91,73,64,224. நான்கே எண்கள்! தாளும் பென்சிலும் உள்ள எவரும் ஒரு மாலையில் சரிபார்க்கலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் கடைசி இலக்கத்தை மட்டுமாவது பார்க்கலாம். ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் எந்த எண்ணின் கடைசி இலக்கமும் மாறுவதில்லை. 7, 4, 0, 3 கூட்டினால் 14. கடைசி இலக்கம் 4. வலப்பக்கம் 144, அங்கேயும் 4. இந்தச் சோதனை சமன்பாட்டை நிறுவிவிடாது; பொய்யாக இருந்திருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

பானைகளுக்குத் திரும்புவோம். தரையில் பரப்பாமல், இரண்டு அடுக்காக எட்டு, மூன்று அடுக்காக இருபத்தேழு என்று கனசதுரங்களாகக் குவித்தால் எத்தனை குவியல் வேண்டும்? கேம்பிரிட்ஜில் இருந்த எட்வர்ட் வேரிங், லக்ராஞ்ச் நிரூபித்த அதே 1770-இல், கனங்கள் என்றால் 9 போதும், நான்காம் அடுக்குகள் என்றால் 19 போதும், இப்படியே மேலும் என்று எழுதிவைத்தார். நிரூபணம் எதுவும் தரவில்லை. அந்த 9-உம் 19-உம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் இந்தக் கதையின் நாயகனான அசமன்பாடு கண்ணில் படும்.

23-ஐ எடுத்துக்கொள்வோம். அது 27-ஐவிடச் சிறியது. எனவே கையில் இருப்பவை 8-உம் 1-உம் மட்டுமே. இரண்டு எட்டுகள் போக 7 மிச்சம், அதற்கு ஏழு ஒன்றுகள். ஆக 9. இதைக் குறைக்க வழியே இல்லை. நான்காம் அடுக்கில் இதே வேலையைச் செய்யும் எண் 79. அது 81-ஐவிடச் சிறியது என்பதால் 16-உம் 1-உம் மட்டுமே கிடைக்கும். நான்கு பதினாறுகள், பதினைந்து ஒன்றுகள், ஆக 19. ஒவ்வொரு அடுக்கிலும் இப்படி ஓர் அடம்பிடிக்கும் எண் உண்டு. 3-இன் அடுக்கை எட்டாமல், ஆனால் 2-இன் அடுக்குகளையும் ஒன்றுகளையும் கூடியவரை அதிகமாக விழுங்கும்படி அது உட்கார்ந்திருக்கும். ஆறாம் அடுக்கில் அது 703. அதற்கு 73 உறுப்புகள் வேண்டும்.

குறைந்தது இவ்வளவு வேண்டும் என்பது இப்படிப் பள்ளிக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. இதற்குமேல் எந்த எண்ணுக்கும் வேண்டாம் என்பதுதான் மலை. கனங்களுக்கு 9 போதும் என்பது 1909-லும் 1912-லும் வந்த நிரூபணங்களால் உறுதியானது. எல்லா அடுக்குகளுக்கும் ஏதோ ஓர் எல்லை நிச்சயம் இருக்கிறது என்று 1909-இல் ஹில்பர்ட் நிறுவினார். அந்த எல்லை எது என்று அவர் வழியில் தெரியவில்லை.

அதைச் சொன்னவர்களில் ஒருவர் குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர், பள்ளி முடிக்கும் முன்பே தந்தையையும் இழந்தவர். ஓர் ஆசிரியரின் ஆதரவில் படிப்பைத் தொடர்ந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி வழியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கு வந்தார். 1929 முதல் 1941 வரை சிதம்பரத்தில், புதிதாகத் தொடங்கியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணி. அவருடைய பெரும் படைப்புகள் அங்கேதான் பிறந்தன.

அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பம் பர்மாவில் பெரிய அளவில் வட்டித் தொழில் செய்தது. த்வாண்டே கிடக்கும் ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயம் பெருமளவு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடனில் ஓடிய காலம் அது. நெல் விலை வீழ்ந்த 1930-களில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்துவிட்டிருந்தது. சிதம்பரத்தில் ஒரு கணித ஆசிரியர் நிம்மதியாக உட்கார்ந்து சிந்திக்கக் கிடைத்த இடத்துக்குப் பின்னால் அந்த வயல்களும் இருந்தன. அறிவியல் வரலாறு எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

1930-களின் நடுவில், ரஷ்யாவின் வினோகிராதவ் உருவாக்கிய புதிய முறைகளைக் கொண்டு, பிள்ளை சிதம்பரத்திலும் டிக்சன் சிகாகோவிலும் ஒருவரையொருவர் சாராமல் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஏழாம் அடுக்கு முதல் மேலே, அடம்பிடிக்கும் எண் கேட்கும் உறுப்புகளே மற்ற எல்லா எண்களுக்கும் போதும். ஒரே ஒரு நிபந்தனை.

நிபந்தனை இதுதான்; முன்பு சொன்ன அசமன்பாடும் இதுவே. 3-இன் அடுக்கை 2-இன் அதே அடுக்கால் வகுங்கள். ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டல் வகுத்த எண்ணைத் தாண்டக் கூடாது.

வகுத்தல் கற்ற குழந்தை சோதிக்கலாம். மூன்றாம் அடுக்கு: 27-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 3, கூட்டல் 6, எட்டைத் தாண்டவில்லை. ஐந்தாம் அடுக்கு: 243-ஐ 32-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 19, கூட்டல் 26. கொஞ்சம் நெருக்கம், ஆனாலும் தாண்டவில்லை. எட்டாம் அடுக்கு: 6561-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 25, மீதி 161, கூட்டல் 186. பத்தாம் அடுக்கில் ஈவு 57, மீதி 681. 738 என்பது 1024-க்குள் அடங்குகிறது. இது எல்லா அடுக்குகளுக்கும் உண்மையா? பிள்ளைக்குத் தெரியவில்லை, டிக்சனுக்கும் தெரியவில்லை. இன்றுவரை எவருக்கும் தெரியாது. நூற்று அறுபது ஆண்டுகளைத் தாண்டிய கேள்வியின் பாரம் முழுவதையும் ஒரு வகுத்தல் கணக்கின்மேல் இறக்கிவைத்தார்கள். அந்த வகுத்தல் கணக்கு இன்னும் அசையாமல் நிற்கிறது. எனக்கு இதைவிட வியப்பானது கணிதத்தில் அதிகம் இல்லை.

அது எப்படிப் பொய்யாக முடியும் என்று யோசித்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. 1.5-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டு போங்கள்: 2.25, 3.375, 5.0625, 7.59375, 11.390625. அசமன்பாடு தவற வேண்டுமானால், ஏதோ ஓர் இடத்தில் புள்ளிக்குப் பின்னால் உள்ள பகுதி 1-ஐ மயிரிழையில் தொட வேண்டும். 100-ஆவது அடுக்கில் புள்ளிக்குப் பின் 12 ஒன்பதுகளாவது தொடர்ந்து வர வேண்டும். 1000-ஆவது அடுக்கில் 124 ஒன்பதுகள். 1990-இல் குபினா, வுண்டர்லிச் என்ற இருவர் கணிப்பொறியில் 47,16,00,000 அடுக்குகள் வரை சோதித்து முடித்தார்கள். எங்கும் தவறவில்லை. அதற்கு மேல் தவற வேண்டுமானால் ஏறத்தாழ 5 கோடியே 89 லட்சம் ஒன்பதுகள் இடையில் வேறு இலக்கம் கலக்காமல் வரிசையாக வர வேண்டும். நடக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. ஆனால் தோன்றவில்லை என்பதை நிரூபணமாக எந்தக் கணிதவியலாளரும் ஏற்க மாட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓர் எண் வரை பகா எண்கள் எத்தனை என்று மதிப்பிடும் ஒரு சூத்திரம் உண்டு. காஸ் காலத்திலிருந்து பழகியது. நாம் கணக்கிட்டுப் பார்த்த இடங்களில் எல்லாம் மதிப்பீடு உண்மை எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே வருகிறது. ஒன்றுக்குப் பின் 19 சுழியங்கள் போட்ட எண் வரை சோதித்தாயிற்று. ஆனால் இந்த அசமன்பாடு எண்ணற்ற முறை தலைகீழாகப் புரளும் என்று 1914-இலேயே லிட்டில்வுட் நிரூபித்துவிட்டார். ஒன்றுக்குப் பின் 316 சுழியங்கள் அளவிலான எண் ஒன்றின் அருகே அது புரள்வது இப்போது தெரியும். இராமானுஜனின் பார்வை தடுமாறிய இடமும் இதுவே. பகா எண்களின் எண்ணிக்கைக்கு அவர் ஹார்டிக்கு அனுப்பிய சூத்திரம் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமானதாக இல்லை. சின்ன எண்களைப் பார்த்துப் பெரிய எண்களுக்குத் தீர்ப்பு எழுத அவராலும் முடியவில்லை.

பிள்ளைக்கே இதில் சொந்த அனுபவம் உண்டு. தொடர்ந்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்தால், அவற்றுள் ஒன்றாவது மற்ற எதனுடனும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்குமா என்று கேட்டார். 16 எண்கள் வரை எங்கிருந்து எடுத்தாலும் நிற்கும் என்று நிறுவினார். 17 என்றால் உடைந்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரை எடுத்துப் பாருங்கள். இரட்டை எண்கள் எல்லாம் 2-ஆல் மாட்டிக்கொள்ளும். 2197 தனித்து நிற்கும் போலத் தெரியும். அது 13-இன் கனம், 2184-உம் 13-ஆல் வகுபடும். 2189-ஐ 11 பிடித்து 2200-உடன் கட்டிவிடுகிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

வேரிங் கேள்வியில் பிள்ளை மேலும் நடந்தார். ஆறாம் அடுக்குக்கு 73 தான் சரியான விடை என்று 1940-இல் நிறுவினார். 1964-இல் ஐந்தாம் அடுக்கைச் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார், விடை 37. மிகவும் முரண்டு பிடித்தது நான்காம் அடுக்கு. வேரிங் எழுதிய அந்த 19, பிரான்சின் தெசூயே, திரெஸ் இருவருடன் சேர்ந்து ஆர். பாலசுப்பிரமணியன் உழைத்ததில் 1986-இல்தான் உண்மையென்று உறுதியானது. அவர் பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அந்த நிரூபணத்தைப் பார்க்கப் பிள்ளை இல்லை. பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் செல்வதற்காகப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். வயது 49.

அசமன்பாட்டின் நிலை என்ன? அது தவறும் இடங்கள் இருந்தாலும் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று 1957-இல் மாஹ்லர் நிறுவினார். அவருடைய வாதத்தின் இயல்பு, அந்த இடங்கள் எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதைச் சொல்ல விடுவதில்லை. எல்லை தெரிந்தால் கணிப்பொறியை ஓட்டி முடித்துவிடலாம். தெரியாததால் 47 கோடிக்கு அப்பால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

எல்லை சொல்லும் வழியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். 1.5-இன் அடுக்குகள் முழு எண்களிலிருந்து எவ்வளவு தூரமாவது விலகி நிற்கும் என்று அவர்கள் அளக்கிறார்கள். அடுக்கு ஏற ஏற அந்தத் தூரம் குறைந்துகொண்டு போகலாம். ஒவ்வொரு படியிலும் எந்த விகிதத்துக்குமேல் வேகமாகக் குறையாது என்று காட்டுவதே வேலை. 1981-இல் பொய்கர்ஸ் 0.5359 என்ற விகிதத்தைத் தொட்டார். 2007-இல் சுடிலின் அதை 0.5803-க்கு உயர்த்தினார். பிள்ளையின் அசமன்பாட்டுக்கு வேண்டியது 0.75.