தவணை தவறினால் நாணயமும் தவற வேண்டுமா?

தமிழிலே நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிலே புரளும் காசும் நாணயம். வாங்கியதைச் சொன்ன தவணையில் திருப்பிக் கொடுக்கும் ஒழுக்கமும் நாணயம். ஊரிலே கடை வைத்திருந்தவருக்கு எம்மையும் தெரியும், எமது தகப்பனாரையும் தெரியும். புகையிலை விற்றதும் தருகிறோம் என்றால், கொப்பியிலே ஒரு வரியை எழுதிக்கொண்டு பொறுத்திருப்பார். கனடாவிலே அந்தக் கொப்பியை எக்குவிபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்னும் இரு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு எமது முகமும் தெரியாது, குடும்பமும் தெரியாது. தவணை வந்து சேர்ந்ததா இல்லையா என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும்.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் மொன்றியலுக்கு வந்த எம்மவர்களிற் பலர் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிகளின் வாடகை மாடிகளிலே வாழ்வைத் தொடங்கினர். பின்னர் ஒரு பகுதியினர் தீவின் மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலும் அதன் அயலிலும் வீடு வாங்கிக் குடியேறினர். இன்று அங்கே சென்-ரெஜி பெருந்தெருவில் முருகன் கோயில் இருக்கிறது. தேரும் திருவிழாவும் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிலைபெற்ற வாழ்வு. உள்ளேயோ வீட்டுக் கடன், கார்க் கடன், கடனட்டை, சீட்டு, ஊருக்கு அனுப்பும் பணம் யாவும் இரண்டு சம்பளங்களைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று நின்றால், முதலில் தவறுவது ஏதோ ஒரு தவணையே.

எமது வீட்டிலும் இது நடந்தது. உறவுமுறையிலே தம்பியான ஒருவர் கார் வாங்கியபோது நாம் உடன் ஒப்பமிட்டோம். சில மாதங்களில் அவருடைய தொழிற்சாலை வேலை நின்றது. வெட்கத்தால் அவர் எம்மிடம் சொல்லவில்லை. பிரெஞ்சு மொழியில் வந்த கடிதங்களை விளம்பரம் என்று எண்ணி நாமும் ஒதுக்கி வைத்தோம். வீட்டுக் கடனை வட்டி குறைந்த வேறொரு வங்கிக்கு மாற்றச் சென்ற அன்றுதான், மூன்று தவணைகள் தவறியமை எமது பெயரிலும் பதிவாகியிருப்பதை அறிந்தோம். வங்கி மறுத்தது. "அண்ணை, என்ன முகத்தோட உங்களிட்டச் சொல்லுறது எண்டுதான் பேசாமல் இருந்தனான்" என்றார் தம்பி. நிலுவையை இருவருமாகச் செலுத்தி முடித்தோம். பதிவு மட்டும் அழியவில்லை. இரு வீடுகளுக்கும் இழப்பை உண்டாக்கியது வறுமையைவிட மௌனமே என்பதனை அப்போது உணர்ந்தோம். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பதிவேடு சொல்வது என்ன?

எமது ஒவ்வொரு கடனுக்கும் எதிரே 1 முதல் 9 வரையிலான ஓர் இலக்கம் இடப்படுகிறது. ஒழுங்காகச் செலுத்தினால் 1. ஒரு மாதத்தைக் கடந்து தாமதித்தால் 2. தாமதம் நீள நீள இலக்கம் ஏறும். கடன் அறவிட முடியாததென ஒதுக்கப்பட்டால் அல்லது வங்குரோத்து ஏற்பட்டால் 9. இவற்றோடு வேறு விபரங்களையும் கணக்கிட்டு 300க்கும் 900க்கும் இடையே ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. தவறிய தவணையின் பதிவு பொதுவாக 6 ஆண்டுகள் நிற்கும். பின்னர் பணத்தைச் செலுத்தினாலும் "தாமதமாகச் செலுத்தப்பட்டது" என்ற உண்மை நீங்காது. எனினும் புதிய நற்பதிவுகள் சேரச் சேரப் பழைய கறையின் பாரம் குறையும்.

ஒரு பதிவேட்டைத் தாமே பார்த்தால் புள்ளி குறையும் என்று எம்மவர் சிலர் அஞ்சுகின்றனர். அது தவறு. வங்கி கடனுக்காக விசாரித்தால் அது பதிவாகும். நீங்களே பார்ப்பதால் எவ்விதப் பாதிப்பும் இல்லை. கியூபெக்கில் இவ்விரு நிறுவனங்களையும் கட்டுப்படுத்த 2020இல் நிறைவேற்றப்பட்ட தனிச் சட்டம் உண்டு. அதன்படி பதிவேட்டையும் புள்ளியையும் இலவசமாகப் பார்க்கலாம். பிறர் எமது பெயரில் கடன் பெறாதவாறு பதிவேட்டைப் பூட்டி வைக்கும் உரிமையும் 2023 பெப்ரவரி முதல் இருக்கிறது.

தவறுவதற்கு முன்னர்

சம்பளம் நின்ற வாரத்திலேயே கடன் கொடுத்தவருக்கு அறிவியுங்கள். தவணை நாள் வரும்வரை காத்திராதீர்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை எழுத்திலும் அனுப்பி, பேசியவரின் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள். கேட்கக்கூடியவை பல: தவணை நாளைச் சம்பள நாளுக்கு மாற்றுதல், சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் செலுத்துதல், கடன் காலத்தை நீட்டித் தவணைத் தொகையைக் குறைத்தல். கேட்ட யாவும் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் தவறியபின் கேட்பவரைவிட முன்னே கேட்பவருக்கு வாசல் அகலமாகத் திறக்கும்.

கையிலுள்ள பணம் போதாதெனில், தலைக்கு மேலுள்ள கூரையும் வேலைக்குச் செல்லும் வாகனமும் முதலிடம் பெற வேண்டும். கடனட்டைக்கு ஆகக் குறைந்த தொகையையேனும் செலுத்துங்கள். இங்கே ஒரு முக்கிய விடயம். கியூபெக்கில் அந்தக் குறைந்த தொகை நிலுவையின் 5 சதவீதமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புதிய அட்டைகளுக்கு 2019 ஓகஸ்டிலிருந்தும், பழைய அட்டைகளுக்குப் படிப்படியாக உயர்ந்து 2025 ஓகஸ்டிலிருந்தும் இது நடைமுறையில் உள்ளது. 4,000 டொலர் நிலுவையெனில் மாதம் 200 டொலர் ஆயத்தமாக இருக்க வேண்டும். ரொறன்ரோவிலுள்ள மச்சான் தாம் செலுத்தும் சிறு தொகையைச் சொல்லி ஆறுதல் கூறலாம். அவருடைய மாகாணத்துக் கணக்கு இங்கே பொருந்தாது.

சீட்டுக் கட்டுவதற்காகக் கடனட்டையிலிருந்து காசு எடுப்பதை நாம் வன்மையாகத் தவிர்க்க வேண்டும். சீட்டை ஒழுங்காகக் கட்டியமை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதற்காக எடுத்த அட்டைக் கடனோ, எடுத்த அன்றிலிருந்தே வட்டியோடு வளரும்.

தவறிய பின்னரும் வழி உண்டு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கடனொன்றில் தவணை தவறியதும் முழுத் தொகையையும் உடனே கேட்க இயலாது. முதலில் எழுத்து மூல அறிவித்தலும் கணக்கு விபரமும் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 30 நாட்களுக்குள் தவறிய தொகையைச் செலுத்தினால் பழைய தவணை முறையே தொடரும். அந்த நாட்களுக்குள் தவணை நிபந்தனைகளை மாற்றித் தருமாறு நீதிமன்றத்தையும் கேட்கலாம். தவணைமுறையில் வாங்கிய காரின் மொத்தக் கடப்பாட்டில் பாதியையேனும் செலுத்தியிருந்தால், நீதிமன்ற அனுமதியின்றி விற்றவர் அதனை மீளப் பறிக்க முடியாது. வீட்டை எடுத்துக்கொள்ளவோ விற்கவோ முனையும் கடன்காரர் 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே பிரெஞ்சுக் கடிதத்தைத் திறவாமல் வைப்பவர் தமக்குரிய நாட்களைத் தாமே எரிக்கின்றார். மொழி புரியாவிடில், பள்ளி செல்லும் பிள்ளையிடமேனும் அன்றைக்கே கொடுத்து வாசிப்பியுங்கள்.

கடன் அறவிடும் முகவர்கள் முதலில் எழுத்திலே அறிவிக்க வேண்டும். இரவு 8 மணிக்குப் பின்னரோ, காலை 8 மணிக்கு முன்னரோ, ஞாயிறு விடுமுறை நாட்களிலோ தொலைபேசியில் அழைத்தல் ஆகாது. இனி எழுத்து மூலம் மட்டுமே தொடர்பு கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினால் மூன்று மாதங்களுக்கு அவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பின்னர் அதனைப் புதுப்பிக்கலாம். மீறினால் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் முறையிடலாம். "நாடு கடத்துவார்கள்" என்று எவரேனும் மிரட்டினால் நம்பாதீர்கள். தனியார் கடனைச் செலுத்தத் தவறுவது குற்றமன்று. அகதி வழக்கை விசாரிப்பவர்கள் கடன் அறவிடுவோரும் அல்லர்.

கியூபெக்குக்கே உரிய இன்னொரு வழி, 1903ஆம் ஆண்டிலிருந்து லக்கோம்ப் சட்டம் என்று அறியப்படும் விருப்ப வைப்பு முறை. சம்பளத்தில் சட்டம் விலக்கிவைத்த பகுதி போக, எஞ்சியதில் பறிமுதல் செய்யத்தக்க பங்கை நீதிமன்ற அலுவலகத்திலே தாமாகச் செலுத்தி வரலாம். அலுவலகம் அதனைக் கடன்காரர்களிடையே பங்கிடும். செலுத்தி வரும் காலம் முழுவதும் சம்பளமும் வீட்டுத் தளபாடங்களும் பறிமுதலிலிருந்து காக்கப்படும். வட்டியும் ஆண்டுக்கு 5 சதவீதமாகக் குறையும். சம்பளம் கிடைத்து ஐந்து நாட்களுக்குள் செலுத்துவது கட்டாயம். இருபது சதவீத வட்டிக்கு அட்டைக் கடன் சுமப்பவர் இதன் அருமையை உணர்வார்.

கடன் மலையாகிவிட்டால், உரிமம் பெற்ற வங்குரோத்துப் பொறுப்பாளர் ஒருவர் மூலம் நுகர்வோர் முன்மொழிவு செய்யலாம். குடியிருக்கும் வீட்டின் ஈட்டுக் கடன் நீங்கலாக மொத்தக் கடன் 250,000 டொலருக்கு மேற்படாதிருந்தால், அதன் ஒரு பகுதியை ஐந்து ஆண்டுகளுக்குள் தருவதாகச் சொல்லிக் கடன்காரர்களின் சம்மதத்தைப் பெறும் முறை இது. வங்குரோத்து இறுதி வழியாக மட்டும் இருக்கட்டும். முதல் வங்குரோத்தின் பதிவு விடுதலைக்குப் பின்னரும் 6 அல்லது 7 ஆண்டுகள் நிற்கும். விடுதலை பெறும் வரை மனைவியையோ பெற்றோரையோ இந்நாட்டுக்கு அழைக்கப் பொறுப்பு நிற்கவும் முடியாது. ஊரிலே காத்திருப்போர் உள்ள குடும்பங்கள் இதனை மறவாதிருக்க வேண்டும்.

கியூபெக்கில் கடனை நீதிமன்றத்திலே கோருவதற்குப் பொதுவாக 3 ஆண்டுகளே காலவரை. ஆயினும் கடனை ஒப்புக்கொண்டு எழுதினாலோ, சிறு தொகை செலுத்தினாலோ அக்காலம் புதிதாகத் தொடங்கும். கடன்காரர் ஏற்கெனவே தீர்ப்புப் பெற்றிருந்தால் காலவரை 10 ஆண்டுகள். பதிவேட்டின் 6 ஆண்டுகளும் இந்த 3 ஆண்டுகளும் வேறு வேறு என்பதனால், சட்டம் அறிந்தவரைக் கேளாமல் எதனையும் முடிவு செய்யாதீர்கள். அசெஃப் என்று அழைக்கப்படும் குடும்பப் பொருளாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள் வரவு செலவுக் கணக்கைப் பார்த்து ஆலோசனை வழங்குகின்றன. மாறாக, பணம் வாங்கிக்கொண்டு "கெட்ட பதிவை அழித்துத் தருகிறோம்" என்போரை அணுகாதீர்கள். உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்தப் பணம் தேவையில்லை.

பெயரும் இலக்கமும்

பிழையான பதிவு எம்மவருக்கு அதிகம் நேர்வதற்குக் காரணம் உண்டு. தகப்பனார் பெயரே இங்கு குடும்பப் பெயராகிறது. ஒரே பெயரை ஒரு வங்கி ஒருவிதமாகவும் மற்றது வேறுவிதமாகவும் எழுதுகிறது. அகதி விண்ணப்பதாரருக்கு 9இல் தொடங்கும் சமூகக் காப்புறுதி இலக்கம் வழங்கப்படுகிறது. நிரந்தர வதிவுரிமை கிடைத்ததும் அது மாறுகிறது. புதிய இலக்கத்தை வங்கிகளுக்கும் இரு பதிவு நிறுவனங்களுக்கும் அறிவியாவிடில், பல ஆண்டுகள் ஒழுங்காகச் செலுத்திய நற்பெயர் பழைய இலக்கத்தோடு தங்கிவிடக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரு பதிவேடுகளையும் பார்த்து, பிழை கண்டால் சான்றுகளோடு எழுதித் திருத்தம் கோருங்கள்.

பிணை நிற்பவர்களுக்கும் ஒரு சொல். உடன் ஒப்பமிடுவது உறவுக்குச் செய்யும் உபசாரமன்று. அது உங்கள் சொந்தக் கடன். ஒப்பமிட்டால் மாதந்தோறும் தவணை சென்றதா என்று கேட்கும் உரிமையையும் அன்றைக்கே பெற்றுக்கொள்ளுங்கள். கேட்பவரும் மனம் நோக வேண்டாம்.

எமது தம்பி மீண்டும் வேலைக்குச் சென்றுவிட்டார். இப்போது ஒவ்வொரு மாதமும் தவணை சென்றதும், "அண்ணை, போட்டுட்டன்" என்று அழைத்துச் சொல்கிறார். பதிவேட்டிலுள்ள கறை மறைய இன்னும் காலம் இருக்கிறது. அந்த ஓர் அழைப்பு வேலை நின்ற நாளிலேயே வந்திருந்தால் அக்கறையே விழுந்திராது. பணம் இல்லாதிருப்பது மானக்கேடன்று. இல்லை என்பதனை உரிய நாளிலே, உரியவரிடம் சொல்வதும் நாணயமே.