வேளைக்காரர் - ஓர் எழுத்தில் ஒரு வரலாறு

'திருவேளைக்காரன்' என்று நான் எழுதிக் கொடுத்ததை, மலருக்குத் தட்டச்சு செய்த தம்பி 'திருவேலைக்காரன்' என்று திருத்திவிட்டார். "ஐயா, எழுத்துப் பிழை இருந்தது" என்றார். பிழையன்று, அவ்வோர் எழுத்தில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது.

வேலை என்பது பணி. வேளை என்பது காலம், தக்க சமயம். சோழப் பேரரசில் மன்னரைச் சூழ்ந்து நின்ற அணுக்கப் படையினரே வேளைக்காரர். முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் இவர்களின் படைப்பிரிவுகளைக் காண்கிறோம். 'வேளை வந்தபோது மன்னனுக்காக உயிரையும் ஈயச் சித்தமாயிருந்தோர்' என்பது நீலகண்ட சாஸ்திரியார் கொண்ட பொருள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ, குறித்த வேளையில் தமக்குரிய பணியைச் செய்வதாகவும், தவறினால் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதாகவும் சூளுரைத்தவர் என்று விளக்குகிறது. இரண்டிலும் வாக்குறுதியே அடிப்படை.

இப்படையினர் இலங்கையிலும் இருந்தனர். முதலாம் விசயபாகு மன்னன் சோழரை எதிர்த்துப் போரிடப் பணித்தபோது அவர்கள் கலகம் செய்ததாகச் சூளவம்சம் கூறும். ஆயினும், 1110-இல் அம்மன்னன் மறைந்தபின், பொலன்னறுவையில் புத்தர் பெருமானின் தந்ததாது வைக்கப்பட்ட பள்ளியைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்களும் வேளைக்காரரே. அப்பள்ளியையும் அதன் ஊர்களையும் உடைமைகளையும் என்றும் காப்போம் என்று அவர்கள் தமிழிலேயே கல்லில் வெட்டுவித்தனர். அக்கல் இன்றும் அங்கு நிற்கிறது. வேற்றுச் சமயத்தவரின் திருத்தலமும் தமிழர் வாக்கை நம்பி நின்ற செய்தி இது.

வேந்தர் போயினர்; படைகளும் போயின. சொல் மட்டும் சந்நிதிக்கு வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய திருவகுப்புகளுள் ஒன்று 'திருவேளைக்காரன் வகுப்பு'. அங்கே வேளைக்காரன் எவன்? நம் முருகப்பெருமானே! மன்னனுக்குக் காவல் நின்றவனின் பெயரை, அடியார்க்கு உற்ற வேளையில் வந்து காக்கும் இறைவனுக்கே சூட்டிவிட்டார்.

தம்பியிடம் இதனைச் சொன்னேன். ளகரத்தை மீண்டும் இட்டுவிட்டு, "தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் ஐயா. நேரத்துக்குப் போக வேண்டும்" என்றார்.

ஆலயத்தில் வேலை செய்வோர் பலர். சொன்ன வேளைக்கு வந்து நிற்பவரே வேளைக்காரர். அத்தொண்டு நம்மிடையே பெருக வேலவன் திருவருள் துணைநிற்பதாக!